போர் கண்ணாடி மாதிரி இருந்தா போதுமா? – ஒரு ஹோனிங் புராணம்

எங்க ஊர்ப் பக்கம் எஞ்சின் வேலைக்கு மக்கள் குடுக்குற பெரிய பட்டம் ஒண்ணு இருக்கு. "கண்ணாடி மாதிரி பண்ணிட்டாப்ல அண்ணாச்சி, உள்ள மூஞ்சி பாக்கலாம்!" அப்படின்னு. சொல்றது சிலிண்டர் போரை. ரீபோர் முடிஞ்சு வந்த சிலிண்டரைத் தூக்கி வெளிச்சத்துல காட்டுவாங்க. உள்ள மூஞ்சி தெரிஞ்சா வேலை சுத்தம். மங்கலா கோடு கோடா இருந்தா, "என்ன வே, உப்புத்தாள் கூடப் போடலையா?"ன்னு மெக்கானிக்குக்குத் திட்டு விழும்.

என் கட்சி நேர் எதிர். மூஞ்சி தெரியுற போர் வந்தா வாங்காதீங்க, திருப்பிக் குடுங்கன்னு சொல்லுவேன். மங்கலா, சாய்வாக் குறுக்கும் நெடுக்கும் கோடு விழுந்து, கண்ணுக்கு அழகே இல்லாம இருக்கே, அதுதான் நல்ல போர். இதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். (தலைப்புல 'போர்'னு பாத்துட்டு ஓடிறாதீங்க மக்கா. முடிஞ்ச வரைக்கும் போரடிக்காம சொல்றேன்.)

முதல்ல, இது ஏன் ஒரு பெரிய விஷயம்?

உடன்குடின்னா எல்லாருக்கும் கருப்பட்டிதான் ஞாபகம் வரும். ஆனா இங்க பொழப்பு ஓடுறது பாதிக்கு மேல எஞ்சின்ல. மணப்பாடு, பெரியதாழை, ஆலந்தலைன்னு கடற்கரை நெடுக வள்ளமும் ஃபைபர் போட்டும் எஞ்சினை நம்பித்தான் கடலுக்குள்ள போகுது. இந்தப் பக்கம் தோட்டத்துல, கரண்டு கனெக்‌ஷனுக்கு மனு குடுத்துட்டு வருசக்கணக்காக் காத்துக் கிடக்கிறவங்க டீசல் பம்புசெட்டை வெச்சுத்தான் முருங்கைக்கும் வாழைக்கும் தண்ணி பாய்ச்சுறாங்க. லோடு வேன், ஆட்டோ, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்... எல்லாத்துக்கும் உள்ள ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன், மூணு நாலு ரிங்கு.

அந்த ரிங்கு செவுத்துல சரியாப் பொருந்தலைன்னா ஆயில் மேல ஏறி எரியும். நீலப் புகை வரும். கம்ப்ரஷன் கீழ இறங்கும். காலையில ஸ்டார்ட் ஆகாம கைப்பிடியைப் போட்டுச் சுத்திச் சுத்தித் தோள்பட்டை கழண்டு போகும். தோட்டத்துலன்னா பயிர் வாடும், அவ்வளவுதான். கரையில இருந்து பல மைல் தள்ளி, காத்து மாறுற நேரத்துல எஞ்சின் படுத்துச்சுன்னா? பம்புசெட்டுக்கு 'செலவு'ங்கிற விஷயம் வள்ளத்துக்கு உயிர்.

சரி, உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம்.

கிர்லோஸ்கர் ஏவி1 எஞ்சின் நிறையப் பேர் பாத்திருப்பீங்க. 5 குதிரைசக்தி. போர் 80 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 110 மில்லிமீட்டர், நிமிஷத்துக்கு 1500 சுத்து. ஒரு சுத்துக்குப் பிஸ்டன் ஒருதரம் மேல, ஒருதரம் கீழ. அப்படின்னா நிமிஷத்துக்கு 3000 தடவை. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு மணி நேரத்துல ரிங்கு செவுத்தை உரசிக்கிட்டே போற தூரம் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். இங்கேருந்து கிளம்பினா திருச்செந்தூரை எட்டிப் பிடிச்சிரலாம்!

இவ்வளவு தூரம் இரும்பும் இரும்பும் உரசியும் பிடிச்சுக்காம இருக்குதுன்னா, நடுவுல இருக்கிற ஆயில் படலம்தான் காரணம். அந்தப் படலம் செவுத்துல நிக்கணும்னா அதுக்குத் தங்க இடம் வேணும். அந்த இடம்தான் கோடு. ஹோனிங் கல்லு போட்ட சின்னச் சின்னப் பள்ளத்துல ஆயில் தங்கும். கோட்டுக்கு நடுவுல இருக்கிற மேட்டுல ரிங்கு உக்காந்து ஓடும். புது ரிங்கும் புதுப் போரும் ஒண்ணுக்கொண்ணு பழகணும்ல? முதல் சில மணி நேரத்துல அந்த மேட்டோட முனை ரிங்கைக் கொஞ்சம் தேய்க்கும், ரிங்கு அந்த முனையைக் கொஞ்சம் தேய்க்கும். ரெண்டும் பொருந்தி உக்காந்துக்கும். இதுக்குத்தான் ரிங்கு செட்டாகுறதுன்னு பேரு.

கண்ணாடியா இருந்தா ஆயில் நிக்காது. ரிங்கைத் தேய்க்க முனையும் இருக்காது. ரிங்கு செட்டே ஆகாம மேல வழுக்கிக்கிட்டு ஓடும்.

இதுக்கு நம்ம வீட்டுலயே உதாரணம் இருக்கு. அம்மி! அரைச்சு அரைச்சு அம்மி வழவழன்னு ஆயிட்டா மசாலா அரைபடாது, வழுக்கும். "அம்மி கொத்தலியோ... அம்மி"ன்னு தெருவுல வர்ற ஆளைக் கூப்பிட்டு, உளியால பொளிஞ்சு வாங்குவாங்க. அம்மியைக் கண்ணாடி மாதிரி தேச்சுக் குடுங்கன்னு எந்த ஆச்சியும் கேட்டதில்ல. அம்மியில அரைபடுறதுக்குக் கொத்துறோம், போர்ல ஆயில் நிக்கிறதுக்கும் ரிங்கு உக்கார்றதுக்கும் கோடு போடுறோம். ஆச்சிக்குத் தெரிஞ்ச கணக்கு பட்டறையில மட்டும் எப்படி மறந்து போச்சு?

இப்ப கல்லுக்கு வருவோம். இதுல நம்ம ஊர்க் கதை ஒண்ணும் இருக்கு.

இரும்பைத் தேய்க்க அதைவிடக் கடினமான பொருள் வேணும். மாணிக்கம், நீலம் எல்லாம் அடிப்படையில ஒரே கனிமம், அலுமினியம் ஆக்சைடு. அதோட மட்டமான, நகைக்கு ஆகாத ரகத்தைத்தான் அந்தக் காலத்துல இருந்து சாணைக்கும் மெருகுக்கும் பயன்படுத்துனாங்க. தமிழ்ல அதுக்குக் குருந்தம்னு பேரு. சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் கிடைச்சது. வெள்ளைக்காரன் இங்கேருந்து கல்லை எடுத்துட்டுப் போகும்போது பேரையும் சேர்த்து எடுத்துட்டுப் போனான். 1798-ல சார்லஸ் கிரெவில்னு ஒருத்தர் லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல இந்தக் கல்லைப் பத்திக் கட்டுரையே எழுதினார். இங்கிலீஷ் அகராதியில 'கொரண்டம்' இருக்கே, அது நம்ம குருந்தம்தான்.

கதை இதோட முடியல. 1891-ல அமெரிக்காவுல எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கோக் கரித்தூளையும் மின்சாரத்துல காய்ச்சிப் பாத்தப்ப, மினுமினுன்னு கடினமான துகள் கிடைச்சது. கார்பனும் குருந்தமும் கலந்ததுன்னு நினைச்சு 'கார்போரண்டம்'னு பேர் வெச்சார். அப்புறம் பாத்தா அது சிலிக்கான் கார்பைடு, குருந்தமே அதுல கிடையாது. ஆனா பேர் நின்னுருச்சு. அந்தப் பேரோட 1954-ல சென்னையில முருகப்பா குழுமம் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்குச்சு. ஆக, தமிழ்ல இருந்து போன சொல்லு கடல் தாண்டி, ஆள் மாறி, நூத்தம்பது வருசத்துக்கு மேல சுத்திட்டு மறுபடி மெட்ராஸ்லயே வந்து இறங்கிருச்சு :-)

(நம்ம கடற்கரை மணல்ல செவப்பா வரி வரியாக் கிடக்குதே, அதுல கார்னெட்டும் உண்டு. அதுவும் தேய்ப்புப் பொருள்தான். துரு எடுக்க மணல் அடிக்கிறதுக்கும், தண்ணியை வேகமாப் பீய்ச்சி இரும்பை வெட்டுறதுக்கும் போகுது. 2013-ல தமிழக அரசு தாது மணல் அள்ளத் தடை போட்டதும் அதுக்கப்புறம் நடந்ததும் தனிப் பதிவுக்கான சங்கதி. ஹோனிங் கல்லுக்கு அது ஆகாது, கடினம் பத்தாது. அதனால இங்கயே விட்டுடுறேன்.)

ஹோனிங்குக்கு முக்கியமா மூணு சாதி.

1) சிலிக்கான் கார்பைடு. நம்ம எஞ்சின் லைனர், பிளாக் எல்லாம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதுக்கு இதுதான் முதல் தேர்வு. துகள் ரொம்பக் கூர்மை. மழுங்கினா உடைஞ்சு புது முனை வெளிய வரும்.

2) அலுமினியம் ஆக்சைடு. செயற்கைக் குருந்தம்னு வெச்சுக்கோங்க. எஃகுக்கு இது நல்லாப் போகும்.

3) வைரம். பெரிய கம்பெனிகள்ல, ஆயிரக்கணக்குல ஒரே அளவு போர் அடிக்கிற இடத்துல இதான் ராஜா. ஓசூர்ல வெண்ட் மாதிரி கம்பெனிகள் இதுக்கான சாமானே செய்யுறாங்க. சாதாப் பட்டறைக்கு விலை கட்டாது. ஆனா நிக்கசில் மாதிரி கடினப் பூச்சுப் போட்ட போருக்கு வைரத்தைத் தவிர வேற கல்லு தொடக்கூடாது.

நாலாவதா உப்புத்தாள்னு ஒருத்தர் கையைத் தூக்குவார். எமரிப் பேப்பர், எமரித் துணி. அவரை நான் இந்தப் பட்டியல்ல சேர்க்கல. ஏன்னு கீழ சொல்றேன்.

கல்லு சாதி தெரிஞ்சாச்சு, அடுத்து நம்பர். நம்பர் ஏற ஏறத் துகள் பொடி. 80 நம்பர்னா தடிச்ச கல்லு, உலோகத்தை வேகமா எடுக்கும். 600 நம்பர்னா மாவு மாதிரி. இதுல எது சரின்னு கேட்டா, திருப்பி நான் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: என்ன ரிங்கு போடப் போறீங்க?

சாதா வார்ப்பிரும்பு ரிங்கு, குரோம் முலாம் போட்ட ரிங்கு ரெண்டுக்கும் 180-ல இருந்து 220 நம்பர் வரைக்கும் பொதுவாச் சொல்லுவாங்க. குரோம் ரொம்பக் கடினம், லேசுல தேயாது. போர் அதுக்குக் கொஞ்சம் சொரசொரப்பாவே இருந்தாத்தான் செட்டாகும். மாலிப்டினம் பூசின ரிங்குன்னா 280 பக்கம். அந்தப் பூச்சுல நுண்ணிய துளை இருக்கிறதால ஆயிலைத் தானே கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கும். அதனால போர் அவ்வளவு சொரசொரப்பா இருக்க வேண்டாம். இது பொது விதி. ரிங்குப் பெட்டியிலயோ எஞ்சின் புஸ்தகத்துலயோ வேற போட்டிருந்தா அதைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க.

அப்ப 400, 600 நம்பருக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு. 220-லயோ 280-லயோ கோடு போட்டு முடிச்சதுக்கு அப்புறம், பொடிக் கல்லால சும்மா சில இழுப்பு. மேட்டோட கூர் முனையை மட்டும் தட்டி விடும், பள்ளம் அப்படியே இருக்கும். எஞ்சின் முதல் சில மணி நேரத்துல தானாச் செய்யுற வேலையை நாமளே முன்னாடி பாதி செஞ்சு குடுக்குற மாதிரி. பிளாட்டோ ஹோனிங்னு சொல்லுவாங்க. சில இழுப்புன்னா சில இழுப்புதான். ஆசைப்பட்டு அஞ்சு நிமிஷம் இழுத்தா மறுபடி கண்ணாடிதான்!

இன்னொரு சங்கதி. லேத்துலயோ போரிங் மெஷின்லயோ கடைஞ்சு வந்த போரை அப்படியே மாட்டக்கூடாது. கடையுற உளி உலோகத்தைப் பிய்ச்சுக்கிட்டுத்தான் போகும். மேல் தோல் கிழிஞ்சு நொறுங்கிப் போய் இருக்கும். அதனால கடையும்போதே கடைசி அளவுக்கு 0.05-ல இருந்து 0.08 மில்லிமீட்டர் மிச்சம் வெச்சு நிறுத்தணும். அந்த மிச்சத்தை ஹோனிங் கல்லு எடுக்கணும். பல இடத்துல கடைசி அளவு வரைக்கும் கடைஞ்சுட்டு, "ஹோனிங்குக்கு எங்க சார் இடம் இருக்கு?"ன்னு உப்புத்தாளைச் சுருட்டி ரெண்டு தேய். வேலை முடிஞ்சது!

இப்ப கோட்டோட சாய்வு. இதுலதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. (கோடு, கோட்டை... சரி விடுங்க.)

மேல போகும்போது விழுற கோடும் கீழ வரும்போது விழுற கோடும் ஒண்ணையொண்ணு வெட்டிக்கணும். நடுவுல கோணம் 45 டிகிரி பக்கம் இருந்தா நல்லது. கோடு ரொம்பச் செங்குத்தா நின்னா ஆயில் வழிஞ்சு கீழ ஓடிரும். ரொம்பப் படுத்துக்கிட்டா ஒவ்வொரு கோட்டு மேலயும் ரிங்கு தடுக்கித் தடுக்கிப் போகும், ஆயிலும் சரியாப் பரவாது.

இந்தக் கோணத்தை முடிவு பண்றது ரெண்டு வேகம். கல்லு சுத்துற வேகம், கை மேல கீழ போற வேகம். அதே 80 மில்லிமீட்டர் போரை வெச்சுக் கணக்குப் பாத்தேன். கல்லு நிமிஷத்துக்கு 150 சுத்து சுத்துனா, 15 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கை ஒரு செகண்டுக்கு ஒரு தடவை மேல போய்க் கீழ வரணும். அப்ப 45 டிகிரி பக்கம் வருது. இது மனுசக் கையால ஆகுற வேலைதான்.

ஆனா நடக்குறது என்ன? சாதா டிரில்லிங் மெஷின்ல ஹோனை மாட்டி ஃபுல் ஸ்பீடு. சின்ன டிரில் 2500 சுத்துக்கு மேல போகும். அதே கை வேகத்துக்குக் கோணம் எவ்வளவு வருது தெரியுமா? 3 டிகிரி பக்கம்தான்! கோடெல்லாம் பாயில படுத்த மாதிரி படுத்துக்கும். வேகம் குறைக்க முடியுற டிரில் இருந்தா அதை எடுங்க. இல்லைன்னா இந்த வேலையை ஹோனிங் மெஷின் இருக்கிற பட்டறைக்கு அனுப்புங்க.

சாமான் விஷயத்துல ரெண்டே வார்த்தை. மூணு கால் ஹோன், முந்திரிக்கொத்து மாதிரி உருண்டை உருண்டையாத் தொங்குற பால் ஹோன், இந்த ரெண்டும் ஏற்கெனவே நல்ல அளவுல இருக்கிற போருக்குப் புதுக் கோடு போட மட்டும்தான். ரெண்டும் போர் எப்படி வளைஞ்சிருக்கோ அப்படியே வளைஞ்சு போகும். போர் முட்டை வடிவமாத் தேஞ்சிருந்தா முட்டை வடிவத்துலயே அழகாக் கோடு போட்டுக் குடுக்கும். உருண்டை ஆக்காது. அதுக்கு விறைப்பான கல்லு பிடிக்கிற மெஷின்தான் வேணும். அதனால ஹோனைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி டயல் கேஜைப் போட்டு மேல, நடுவுல, கீழ, குறுக்க, நெடுக்க அளந்துருங்க. தேய்மானம் அளவைத் தாண்டியிருந்தா ரீபோரா, புது லைனரான்னு முடிவு பண்ணுங்க.

அப்புறம், கல்லு காயக்கூடாது. சீமெண்ணெயோ ஹோனிங் ஆயிலோ ஊத்திக்கிட்டே இருக்கணும். காஞ்சா இரும்புத்தூள் கல்லு மேல அப்பிக்கும். கல்லு வெட்டாது, தடவும். தடவுனா மறுபடியும் பளபளப்பு.

இப்ப உப்புத்தாள் கதை. தாள்ல ஒட்டியிருக்கிற துகள் உதிரும். உதிர்ந்தது வார்ப்பிரும்போட மென்மையான இடத்துல போய்ப் புதைஞ்சுக்கும். கையால தேய்க்கிறதுக்குக் கோணமும் கிடையாது, அழுத்தமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு இடம் பள்ளம், ஒரு இடம் மேடு. எல்லாத்துக்கும் மேல, எஞ்சினை ஓட்டும்போது அந்தப் புதைஞ்ச துகள் ரிங்கையும் பிஸ்டனையும் ராவிக்கிட்டே இருக்கும். புது ரிங்கைக் காசு குடுத்து வாங்கி, கூடவே அதைத் தின்னுறதுக்கு ஆளையும் உள்ள வெச்சு மூடுற வேலை இது.

தெரிஞ்சவர் ஒருத்தர் தோட்டத்து எஞ்சின். எந்தப் பட்டறைன்னு சொல்ல மாட்டேன். புது லைனர் வாங்கிட்டுப் போனார். கம்பெனியிலேயே கோடு போட்டு வந்த லைனர், கழுவித் துடைச்சு மாட்ட வேண்டியதுதான். பட்டறையில, "என்ன அண்ணாச்சி கீறலா இருக்கு, பழைய சரக்கைத் தலையில கட்டிட்டான்"னு உப்புத்தாளைப் போட்டு வழவழப்பாக்கிக் குடுத்தாங்க. அவருக்கும் ரொம்ப சந்தோஷம். ரெண்டு மாசத்துல டீசல் ஊத்துறதுக்குப் போட்டியா ஆயில் ஊத்திக்கிட்டு இருந்தார். மறுபடி தலையைத் திறந்து, மறுபடி ரிங்கு, மறுபடி கூலி. ஒரு வாழை வெட்டுக் காசு அதுலயே போச்சு. எனக்கு அந்தப் பட்டறை மேல கூடக் கோபம் இல்ல. வழவழன்னு இல்லைன்னா கூலி குடுக்க மாட்டேங்கிற நம்ம மேலதான் கோபம்.

அடுத்து, சத்தியமா எல்லாரும் விடுற வேலை. கழுவுறது.

ஹோன் போட்டு முடிஞ்சதும் பெட்ரோல்லயோ சீமெண்ணெயிலயோ காட்டன் வேஸ்டை நனைச்சு ஒரு துடை, வேலை முடிஞ்சது. இது தப்பு. எண்ணெய் வகை எதுவும் துகளை வெளிய கொண்டு வராது, இன்னும் கோட்டுக்குள்ள தள்ளி விடும். சுடுதண்ணி, பாத்திரம் விளக்குற சோப்பு, நைலான் பிரஷ். இவ்வளவுதான் வேணும். நல்லா நுரைக்கத் தேச்சுக் கழுவி, வெள்ளைத் துணியில கொஞ்சம் ஆயில் தொட்டுப் போருக்குள்ள துடைச்சுப் பாருங்க. துணியில சாம்பல் கலர் வந்தா மறுபடி கழுவுங்க. வெள்ளைத் துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும் விடாதீங்க.

நம்ம ஊருக்கு மட்டும் இன்னொரு வரி. கழுவி முடிச்ச அடுத்த நிமிஷம் காயவெச்சு ஆயில் தடவிருங்க. உப்புக் காத்து. டீக் குடிச்சுட்டு வந்து பாத்துக்கலாம்னு போனா, திரும்பி வர்றதுக்குள்ள பழுப்புப் படர்ந்திருக்கும்.

மாட்டி முடிச்சதும் எஞ்சினை ரொம்ப நேரம் வெறுமனே ஓட்டாதீங்க. ரிங்கு செட்டாக அதுக்குப் பின்னாடி எரியுற வாயுவோட அழுத்தம் வேணும். லோடு இல்லைன்னா அழுத்தம் இல்ல. மிதமான லோடு குடுத்து ஓட்டுங்க. பெரிய ஜெனரேட்டரை வாங்கி ரெண்டு ஃபேன், நாலு லைட்டுக்கு மட்டும் மாசக்கணக்கா ஓட்டுறவங்களுக்கும் இதேதான். சரியா எரியாத டீசலும் ஆயிலும் கோட்டுக்குள்ள வார்னிஷ் மாதிரி படிஞ்சு போர் பளபளன்னு ஆயிரும். கிளேஸ் ஆயிடுச்சுன்னு சொல்லுவாங்க. அதாவது எஞ்சினுக்கே பளபளப்பு ஒரு வியாதி. அதைத்தான் நாம காசு குடுத்துக் கேட்டு வாங்குறோம்!

இப்ப வழக்கமா வர்ற கேள்வி. "எங்க தாத்தா காலத்துல உப்புத்தாள் போட்டுத்தான் ஓட்டுனாங்க. ஓடலையா?"

ஓடுச்சு. ஆயில் குடிச்சுக்கிட்டு, புகை விட்டுக்கிட்டு ஓடுச்சு. 650 சுத்து ஓடுற லிஸ்டர் வகை எஞ்சின் நிறைய மன்னிக்கும். வேகமாச் சுத்துற இன்னைக்கு எஞ்சின், மெல்லிசு ரிங்கு, நெருக்கமான கேப்பு, இது எதுவும் மன்னிக்காது. செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லயே வந்தாச்சு. கல்லு செய்யுற கம்பெனி 1954-லயே வந்தாச்சு. பக்கத்துல குலசேகரன்பட்டினத்துல இஸ்ரோ ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டியாச்சு. அங்கேருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற நாம இன்னும் உப்புத்தாளைச் சுருட்டிக்கிட்டு இருக்கோம்.

பைக் வெச்சிருக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. எல்லாப் போரும் வார்ப்பிரும்பு இல்ல. 2008-ல வந்த யமஹா ஆர்15-ல டயாசில்னு சிலிக்கான் நிறையக் கலந்த அலுமினிய சிலிண்டர், உள்ள லைனரே கிடையாது. நிக்கசில் பூச்சுப் போட்ட வண்டிகளும் இருக்கு. இதுல ரீபோர், ஹோனிங்னு யாராவது கல்லைத் தூக்கிட்டு வந்தா சிலிண்டரைப் பிடுங்கிட்டு ஓடி வந்துருங்க. உங்க வண்டி எந்த வகைன்னு புஸ்தகத்தைப் பாத்துட்டு அப்புறம் கை வைங்க.

கடைசியா, பட்டறைக்குப் போனா கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி:

1) ஹோனிங்குக்கு எவ்வளவு மிச்சம் வெச்சுக் கடைவீங்க?
2) என்ன கல்லு, எத்தனாம் நம்பர்?
3) நான் வாங்கி வெச்சிருக்கிற ரிங்குக்கு அந்த நம்பர் சரியா?
4) கோட்டைக் காட்டுங்க, பாக்கலாம்.
5) சோப்புத் தண்ணியில கழுவுனீங்களா?

முதல்ல ஒரு மாதிரி பாப்பாங்க. "என்ன சார், பெரிய எஞ்சினியரா?"ம்பாங்க. பரவால்ல. நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்குக் கேக்காமலே செய்வாங்க. வேலை தெரிஞ்ச மெக்கானிக்குகள் நம்ம பக்கம் நிறையப் பேர் இருக்காங்க. நல்ல கல்லு வாங்கி, நேரம் எடுத்து வேலை செய்யுறவருக்கு நூறு இருநூறு கூடக் குடுக்க நமக்கு மனசு வரணும். "பளபளப்பே இல்லையே"ன்னு அவர் கூலியைப் பிடிக்கிற பழக்கத்தை முதல்ல நாம விடணும். அதை விட்டாலே பாதி உப்புத்தாள் தானாக் காணாமப் போயிரும்.

உங்க ஊர்ப் பட்டறைகள்ல எப்படி? கல்லா, தாளா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.

டிஸ்கி: நான் மெக்கானிக் கிடையாது, எஞ்சின் பைத்தியம். மேல சொன்ன நம்பரெல்லாம் பொதுவான நடைமுறை. உங்க எஞ்சின் கம்பெனி புஸ்தகம் வேற சொன்னா அதுதான் வேதம்.